கோழிகளைத் தாக்கும் நரம்பு நோய்கள்: அறிவது எப்படி? தீர்ப்பது எப்படி?

தோட்டப்புறங்களில் கோழி வளர்க்காத வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். லயத்தின் பின்புறம் பழைய பலகையும் தகரமும் கொண்டு அடித்த ஒரு கூடு, அதில் ஒரு சேவல், நான்கைந்து பெட்டைகள், காலடியில் ஓடும் குஞ்சுகள் என்று இருந்துவிட்டால் முட்டைக்கும் கறிக்கும் கடையை நாட வேண்டியதில்லை. பிள்ளைகளின் பள்ளிச் செலவு நெருக்கும் மாதத்தில் இரண்டு கோழிகளை விற்றும் சமாளித்துக்கொள்ளலாம். தீபாவளிக்கென்றும் முனியாண்டி படையலுக்கென்றும் பல மாதங்களுக்கு முன்பே பார்த்து வைத்த சேவல்களும் உண்டு.

இப்படி வளர்த்த கோழிகளுள் ஒன்று, நேற்று மாலை வரை நன்றாக மேய்ந்து கொண்டிருந்தது, இன்று காலை கூட்டைத் திறக்கும்போது கழுத்தை ஒரு புறமாக முறுக்கிக்கொண்டு நிற்கிறது. நடக்க முயன்றால் வட்டமிடுகிறது. அல்லது பின்புறமாகவே போய் விழுகிறது. சில கோழிகள் தலையை முதுகின் மேல் மடக்கி வானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுகின்றன. இக்காட்சியைக் கண்டவுடன் கண் திருஷ்டி என்று எலுமிச்சம்பழம் சுற்றிப் போடுபவர் உண்டு. சாகுமுன் அறுத்துவிடுவோம் என்று கத்தியைத் தீட்டுபவர் உண்டு. அடுத்த தோட்டத்தாரிடம் பாதி விலைக்குத் தள்ளிவிடுபவரும் இல்லாமல் இல்லை. இம்மூன்றனுள் கடைசி இரண்டும் ஊருக்கே கேடு விளைவிக்கக்கூடியவை. முதலாவதில் எலுமிச்சம்பழம்தான் வீண்.

கழுத்துத் திருகுவது தனியொரு நோயன்று என்பதை முதலில் மனத்திற்கொள்ள வேண்டும். காய்ச்சல் எவ்வாறு பல நோய்களுக்கும் பொதுவான அடையாளமோ, அவ்வாறே இதுவும் ஓர் அடையாளம். கோழியின் மூளையோ, அதிலிருந்து கால்களுக்கும் கழுத்துக்கும் செல்லும் நரம்புகளோ பழுதுபட்டிருக்கின்றன என்பதையே அது காட்டுகிறது. பிரட்டுக் களத்தில் நிரை பிரித்துக் கொடுப்பவர் மயங்கி விழுந்துவிட்டால் வெட்டுக்காரர்கள் திசைக்கொருவராக நிற்பதைப் போல, மூளையின் ஆணை கிட்டாத கால்களும் கழுத்தும் தம் போக்கில் இழுத்துக்கொள்கின்றன. பழுதின் காரணம் ஒரு கொடிய தொற்றுநோயாக இருக்கலாம். வெறும் சத்துக் குறைவாகவும் இருக்கலாம். முன்னதாயின் கொல்லையிலுள்ள அத்தனை கோழிகளும் ஆபத்தில் உள்ளன. பின்னதாயின் சில வெள்ளி மாத்திரையில் அந்தக் கோழி எழுந்து நடக்கும். இவ்விரண்டையும் பிரித்தறிவதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

முதலில் செய்ய வேண்டியது

காரணம் எதுவாயினும், நோயுற்ற கோழியை உடனே தனியே பிரித்துவிடுக. மற்றக் கோழிகள் நெருங்க முடியாத இடத்தில், நிழலில், காய்ந்த சாக்கு விரித்த ஒரு பெட்டியில் வைக்க வேண்டும். முதலில் நலமான கோழிகளுக்குத் தீனி வைத்துவிட்டுப் பிறகே நோயுற்றதைக் கவனிக்க வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது. கவனித்த பின் கைகளையும் காலணிகளையும் சவர்க்காரம் போட்டுக் கழுவுக. கோழி நோய்க் கிருமிகள் காற்றில் பறந்து வருவதைவிட மனிதரின் காலணியில் ஒட்டி வருவதே அதிகம்.

பிறகு அமைதியாக உட்கார்ந்து சிலவற்றைப் பார்க்க வேண்டும். நோய் கண்டது ஒரு கோழிக்கா, பலவற்றுக்கா? அதன் வயதென்ன? மூச்சு வாங்குகிறதா, எச்சம் எந்த நிறத்தில் இருக்கிறது? கடந்த சில வாரங்களில் புதிய கோழி ஏதும் கொல்லைக்கு வந்ததா? அது என்ன தின்றது, கூட்டிலேயே அடைபட்டிருந்ததா, மேய்ந்து திரிந்ததா? தலையைக் கையில் ஏந்திப் பார்த்தால் கழுத்து விறைத்து முறுக்கியிருக்கிறதா, துணிபோல் துவண்டு விழுகிறதா? விரலை இலேசாகக் கிள்ளினால் காலை இழுத்துக்கொள்கிறதா? தலையில் கொத்துப்பட்ட காயம் உண்டா? சேவல் சண்டையில் மண்டையில் அடிபட்ட கோழியும் இவ்வாறே கழுத்தைத் திருப்பும்; அதற்கு இருட்டான இடமும் சில நாள் ஓய்வுமே மருந்து.

மிகவும் அஞ்சத்தக்கது

நம் நாட்டில் கழுத்துத் திருகலைக் கண்டவுடன் முதலில் ஐயுற வேண்டியது நியூகாசல் நோயையே. மலாய்க்காரர்கள் இதனைச் சம்பார் ஆயாம் என்பர். தமிழ்நாட்டில் வெள்ளைக் கழிச்சல் என்றும் இராணிக்கெட் நோய் என்றும் பெயர். 1926ஆம் ஆண்டில் ஜாவாவிலும், இங்கிலாந்தில் நியூகாசல் நகரிலும் இந்நோய் கண்டறியப்பட்டது. ஊரின் பெயரே நோய்க்கும் நிலைத்துவிட்டது.

தொற்றிய நாளிலிருந்து பெரும்பாலும் ஐந்தாறு நாளில், சில சமயம் 15 நாள் கழித்தும்கூட, அடையாளங்கள் தோன்றும். கோழி இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒதுங்கி நிற்கும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும். பச்சையும் வெள்ளையுமாகத் தண்ணீர்போல் கழியும். பெட்டைகள் முட்டையிடுவதை நிறுத்திவிடும். இட்டாலும் ஓடு மெலிந்து கோணலாக இருக்கும். இவற்றைத் தாண்டியும் பிழைத்திருக்கும் கோழிகளுக்கே இறக்கை துடித்தல், கால் விழுதல், கழுத்து முறுகுதல் ஆகியவை பின்னர் வருகின்றன. எனவே சில நாள்களில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல கோழிகள் மடிந்து, எஞ்சியவற்றுள் ஓரிரண்டு கழுத்தைத் திருகிக்கொண்டு நின்றால், ஐயத்துக்கு இடமே இல்லை. தடுப்பு மருந்து காணாத கோழிகளாயின் பத்துக்கு ஒன்பது மாளுவதும் உண்டு.

இதற்கு மருந்து இல்லை. சின்ன வெங்காயமும் மிளகும் அரைத்துக் கொடுத்துப் பிழைத்தது என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. எந்த மருந்துமின்றிப் பிழைக்கும் ஒன்றிரண்டில் அதுவும் ஒன்றாக இருந்திருக்கும். அவ்வாறு பிழைத்த கோழியின் கழுத்து வாரக்கணக்கிலும் சில வேளை வாழ்நாள் முழுதும் திருகியே இருக்கும். அது தின்னும், முட்டையும் இடும். ஆயினும் நோய் தெளிந்த சில வாரங்களுக்கு அதன் எச்சத்தில் கிருமி வெளியேறிக் கொண்டிருக்கும். பாசத்தோடு வளர்த்த கோழி என்றாலும், பக்கத்து வீடுகளின் கோழிகளை எண்ணி அதனை வேதனையின்றி அழித்துவிடுவதே தக்கது என்பது என் கருத்து. அதற்கு மனம் ஒப்பாதவர்கள் குறைந்தது இரண்டு மாதமாவது அடைத்து வைக்க வேண்டும்.

கறியாக்கித் தின்னலாமா என்று பலர் கேட்பர். நோயுற்ற கோழியை அறுக்கும்போது இரத்தமும் குடலும் இறகும் கொல்லை முழுவதும் கிருமியைப் பரப்புகின்றன. கழுவிய நீர் கால்வாய் வழியே அடுத்த லயத்திற்குச் செல்கிறது. அறுத்தவரின் கண்ணும் சிவந்து நீர் வடியக்கூடும். இறந்த கோழியை ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைத்தலே முறை. ரப்பர் நிரைக்குள்ளோ ஆற்றிலோ வீசுவது குற்றம்.

இன்னும் கடுமையானது பறவைக் காய்ச்சல். 2004ஆம் ஆண்டில் கிளந்தானில் இது முதன்முறையாக நம் நாட்டில் தோன்றியது. 2017இல் மீண்டும் அதே மாநிலத்தில் தலைகாட்டியது. பிற நாடுகளில் மனித உயிர்களையும் பறித்துள்ளது. கொண்டையும் தாடையும் வீங்கிக் கருநீலமாகி, ஓரிரு நாளில் கூட்டம் கூட்டமாகக் கோழிகள் விழுந்தால் ஒன்றையும் தொடாதீர்கள். எங்கும் எடுத்துச் செல்லாதீர்கள். மாவட்டக் கால்நடை மருத்துவ அலுவலகத்துக்குச் செய்தி அனுப்புங்கள். அதிகாரிகள் நேரில் வருவார்கள். இத்தகைய நோய்களை அறிவிப்பது சட்டப்படியும் நம் கடமையாகும்.

காலை நீட்டிய வெடைக்கோழி

ஆறு வாரம் முதல் ஆறு மாதம் வரை வயதுள்ள வெடைக்கோழி ஒன்று, ஒரு காலை முன்னும் மற்றொரு காலைப் பின்னும் நீட்டிக்கொண்டு கிடந்தால் அது பெரும்பாலும் மாரெக் நோய். 1907இல் ஹங்கேரி நாட்டு மருத்துவர் யோசெப் மாரெக் இதனை முதலில் விவரித்தார். கண்ணின் கருவிழி சாம்பல் நிறமாவதும் உண்டு. இறகுத் தூசியின் வழியே பரவும் இக்கிருமி கூட்டின் தூசியில் பல மாதம் உயிரோடிருக்கும். இதற்கும் மருந்து கிடையாது. தடுப்பூசியைக் குஞ்சு பொரித்த நாளன்றே போட வேண்டும். பொரிப்பகங்களில் அவ்வாறே செய்கிறார்கள். நம் கொல்லையில் அடைக்கோழி பொரிக்கும் குஞ்சுகளுக்கு அந்த வாய்ப்புக் கிட்டுவதில்லை. கூட்டைச் சுரண்டித் தூசி நீக்கிக் கழுவுவதும், குஞ்சுகளை முதல் சில வாரங்கள் பெரிய கோழிகளிடமிருந்து பிரித்து வளர்ப்பதுமே நம்மால் இயன்றவை.

துவளும் கழுத்து

கழுத்து முறுகாமல் துவண்டு தரையில் விழுமானால் கதையே வேறு. கோழிக்கு நினைவு இருக்கும். ஆனால் இமை சரியும், இறக்கை தொங்கும், இறகைப் பிடித்து இழுத்தால் எளிதில் கழன்று வரும். செத்து அழுகிய எலியிலோ கோழியிலோ வளரும் ஒரு கிருமியின் நஞ்சே இதற்குக் காரணம். அப்பிணத்தில் நெளியும் புழுக்களின் உடலில் அந்நஞ்சு திரண்டிருக்கும். புழுவைக் கண்டால் கோழி விடுமா? சில புழுக்களைக் கொத்தினாலே போதும், கழுத்து விழுந்துவிடும். செத்ததை வீசாமல் புதைக்க வேண்டும் என்று மேலே சொன்னதற்கு இது இரண்டாவது காரணம்.

விழுங்கும் ஆற்றல் இன்னும் இருந்தால், ஒரு தேக்கரண்டி பேதி உப்பைச் சிறிது நீரில் கரைத்துச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்து வயிற்றைக் கழுவலாம். இரண்டு மூன்று நாள் தாக்குப்பிடித்த கோழி பெரும்பாலும் தேறிவிடும். அதற்குள் கொல்லை முழுவதும் தேடிப் பிணத்தை அகற்றாவிட்டால் நாளைக்கு இன்னொரு கோழி விழும்.

நஞ்சு என்னும்போது மருந்தடிப்பையும் சொல்ல வேண்டும். முற்காலத்தில் லாலான் புல்லுக்குச் சோடியம் ஆர்சனைட் அடித்த நிரைகளில் மேய்ந்து மாடுகள் மாண்டதை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதன் பின் வந்த பாராகுவாட்டும் 2020ஆம் ஆண்டு முதல் நாளிலிருந்து நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. எனினும் காய்கறித் தோட்டத்துப் பூச்சி மருந்துகள் சில நேரே நரம்பைத் தாக்குபவை. எச்சில் ஒழுகி, உடல் நடுங்கி, கால் விழுந்து, சில மணி நேரத்தில் கோழி மாளும். மருந்தடிக்கும் நாளில் கூட்டைத் திறக்காதிருப்பதைவிடச் சிறந்த மாற்று மருந்து இல்லை. கருவாட்டுத் தலையையும் ஊறுகாய் மிச்சத்தையும் அள்ளிப் போடுவதும் நஞ்சே. அதிக உப்புத் தின்ற கோழி தாகத்தால் தவித்துத் தள்ளாடும். அதற்கு நல்ல நீரைச் சிறிது சிறிதாகப் பலமுறை கொடுக்க வேண்டும்.

தவிட்டில் இருந்த மருந்து

இனி, நம்மால் குணப்படுத்தக்கூடிய நோய்க்கு வருவோம். இதன் வரலாறு நம் முன்னோரோடு தொடர்புடையது. ஆதலால் சற்று விரிவாகவே சொல்லலாம்.

1890ஆம் ஆண்டையொட்டிப் பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், கிறிஸ்தியான் எய்க்மான் என்னும் டச்சு மருத்துவர் பெரிபெரி நோயை ஆராய்ந்து கொண்டிருந்தார். அவர் வளர்த்த கோழிகள் திடீரெனக் கால் விழுந்து, தலை பின்னோக்கி மடிந்து மாளத் தொடங்கின. கிருமி ஏதும் அகப்படவில்லை. சில மாதம் சென்றபின், காரணமின்றியே எஞ்சிய கோழிகள் குணமடைந்தன. விசாரித்தபோது ஒரு வேடிக்கை வெளிப்பட்டது. படை மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய தீட்டிய வெள்ளைச் சோற்றைக் கோழிகளுக்குப் போட்டு வந்திருக்கிறார்கள். பின்னர் வந்த புதிய சமையற்காரர், படையினரின் அரிசியைப் படையைச் சேராத கோழிகளுக்குத் தர முடியாது என்று மறுத்துவிட்டார். கோழிகள் தீட்டாத அரிசிக்கு மாறின, நோயும் தீர்ந்தது! தவிட்டில் உயிருக்கு இன்றியமையாத ஒன்று இருக்கிறது என்பது அதன் வழியே உலகுக்குத் தெரிய வந்தது. 1926இல் அதே ஜாவாவில் அப்பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. அதுவே பி1 வைட்டமின். எய்க்மானுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது.

அக்காலத்து மலாயாவில் ஈயச் சுரங்கச் சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியால் பெருந்தொகையாக மாண்டனர். அவர்கள் உண்டது தீட்டிய பச்சரிசி. தோட்டத்துத் தமிழர்களை அந்நோய் அரிதாகவே தீண்டியது. இதனைக் கவனித்த நெகிரி செம்பிலான் மருத்துவர் பிராடன், தமிழர்கள் உண்ணும் புழுங்கல் அரிசியே காரணம் என்று 1907இல் வெளியிட்ட நூலில் எழுதினார். கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் பிளெட்சர் 1905இல் ஒரு சாராருக்குப் புழுங்கல் அரிசியும் மறு சாராருக்கு வெள்ளைப் பச்சரிசியும் கொடுத்துப் பார்த்தபோது அதுவே உறுதியாயிற்று. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுதும் போவதில்லை. நம் பாட்டிமார் பி1 என்ற பெயரைக் கேட்டதில்லை. நெல்லை அவிக்க மட்டும் அறிந்திருந்தனர்.

மேயவிட்ட கோழிக்கு இக்குறை வருவதில்லை. புல்லும் பூச்சியும் அதற்குப் போதும். ஆனால் பக்கத்து வீட்டாரின் கீரைப் பாத்திக்கு அஞ்சி மாதக்கணக்கில் அடைத்து வைத்து, மிஞ்சிய வெள்ளைச் சோற்றையே போட்டு வளர்க்கும் கோழிக்கு வரும். சில வகை மீன்களின் பச்சைக் குடல் இச்சத்தை அழித்துவிடும். மீன் கழிவை வேகவைத்தே போடுக. இரத்தக் கழிச்சலுக்குக் கொடுக்கும் அம்புரோலியம் மருந்தை அளவுக்கு மீறி நெடுநாள் கொடுத்தாலும் இதே விளைவு உண்டு.

ஒரே கோழி, பெருங்கழிச்சல் இல்லை, மூச்சு இரைப்பு இல்லை, தின்றது வெள்ளைச் சோறு, தலை பின்னோக்கி மடிந்திருக்கிறது என்றால் தயங்காமல் பி1 வைட்டமினைக் கொடுத்துப் பாருங்கள். தனி பி1 கிடைக்காவிட்டால் மருந்துக் கடையில் விற்கும் பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரையும் ஆகும். பெரிய கோழிக்குப் பாதி மாத்திரை காலையிலும் பாதி மாலையிலும் பொடித்து நீரில் குழைத்துக் கொடுக்கலாம். மிகுதியானால் எச்சத்தோடு போய்விடும், தீங்கில்லை. நோய் இதுவேயானால் சில மணி நேரத்திலேயே, தவறினால் ஓரிரு நாளிலாவது, தலை நிமிரும். மூன்று நாள் கடந்தும் மாற்றமில்லையெனில் நோய் வேறு என்று கொள்க. இங்கு மருந்தே சோதனையாகவும் அமைகிறது.

குஞ்சுகளின் கால் விரல்கள் உள்ளே சுருண்டு, முழங்காலால் நடந்தால் பி2 குறைவு. அதே பி-காம்ப்ளெக்ஸ் போதும், ஆனால் விரல் சுருண்டு நாளாகிவிட்டால் நேராகாது. இரண்டு முதல் நான்கு வாரக் குஞ்சுகள் தலையைக் கால்களுக்கிடையே மடித்து உருண்டால் ஈ வைட்டமின் குறைவை எண்ணலாம். சிக்கலெடுத்த பழைய தீவனம் அதற்குக் காரணம். மூட்டையை மாற்றுவதும், ஈ வைட்டமின் குளிகையைக் குத்திச் சில துளி கொடுப்பதும் பயன் தரும். மூளை கெட்டுவிட்ட குஞ்சுகள் தேறுவது அரிது.

எழ முடியாத கோழிக்கு மருந்தைவிடக் கைப்பக்குவமே முக்கியம். வாயைப் பிளந்து நீரை ஊற்றினால் அது மூச்சுக்குழலில் இறங்கிக் கோழி அங்கேயே மாளும். அலகின் ஓரத்தில் ஒவ்வொரு துளியாக வைத்து, அது விழுங்கும்வரை காத்திருக்க வேண்டும். தவிட்டுக் கஞ்சியில் அவித்த முட்டையின் மஞ்சளைக் குழைத்து இவ்வாறே ஊட்டலாம். பழந்துணியை வளையமாகச் சுற்றி நடுவில் கோழியை அமர்த்தினால் சாயாது.

தடுப்பு மருந்து

நியூகாசல் நோய்க்கு மருந்து இல்லையே தவிர, தடுப்பு உண்டு. 1966இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் தீங்கற்ற வி4 என்னும் கிருமி வகை கண்டெடுக்கப்பட்டது. அதிலிருந்து வெப்பத்தைத் தாங்கும் தடுப்பு மருந்தை உருவாக்கி, தீனியில் கலந்து கம்பத்துக் கோழிகளுக்கு ஊட்டும் முறையை 1980களில் நம் வேளாண் பல்கலைக்கழகம், இன்றைய புத்ரா பல்கலைக்கழகம், ஆஸ்திரேலிய அறிஞர்களோடு சேர்ந்து ஆராய்ந்தது. பிடித்து ஊசி போட முடியாத, மரத்தில் அடையும் கோழிகளை எண்ணிச் செய்த முயற்சி அது. இன்று கண்ணில் சொட்டு விடும் மருந்தே பெரும்பாலும் கிடைக்கிறது. மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை விட வேண்டும். நோய் வந்தபின் விட்டுப் பயனில்லை. காப்பு ஏற்பட ஒன்றிரண்டு வாரம் ஆகும்.

ஒரு குப்பியில் நூற்றுக்கணக்கான கோழிகளுக்குரிய மருந்து இருக்கும். பத்துக் கோழிக்காரர் தனியே வாங்கினால் வீண் செலவு. ஒரு லயத்தார் அனைவரும் சில வெள்ளி போட்டு ஒன்றாக வாங்கி, கோழிகள் கூட்டில் அடைந்த மாலை வேளையில் ஒரே நாளில் விட்டு முடிப்பது எளிது. குப்பியைப் பனிக்கட்டி போட்ட பெட்டியில் வெயில் படாமல் கொண்டு வருக. குடிநீரில் கலக்கும் வகையாயின் குழாய் நீர் ஆகாது. அதிலுள்ள குளோரின் மருந்தைக் கொன்றுவிடும். கிணற்று நீரோ மழை நீரோ எடுத்து, முன்னதாக இரண்டு மணி நேரம் கோழிகளுக்குத் தண்ணீர் காட்டாமல் வைத்திருந்தால் விரைவில் குடித்து முடிக்கும். கலக்கிய மருந்து மிஞ்சினால் மறுநாளுக்கு வைக்கக் கூடாது.